துவக்கு: மாலை ஆறு மணி

என் பிரியமுள்ள மச்சான் சூசைக்கு,

இது என் கையெழுத்துத்தான். நம்பாவிட்டால் ரீத்தாவைக் கேள். போன கிழமை மேசையில் இருந்து இதை எழுதத் தொடங்கியபோது அவள் பின்னால் வந்து நின்று பார்த்தாள். "அண்ணை, பிரியமுள்ளவுக்கு இந்த ள தானோ?" என்று கேட்டாள். இந்த ள தான் என்றேன். என் தங்கை உன் மனைவியாகி நாற்பது வருடத்துக்கு மேல். இத்தனை காலத்தில் அவள் என்னிடம் எழுத்தில் சந்தேகம் கேட்டது இதுதான் முதல் தடவை. நீ இருந்திருந்தால் ஒரு கிழமை சிரித்திருப்பாய்.

எட்டு வயதில் மீன்பிடிக்க வள்ளம் ஏறியவன் நான். எழுபத்திரண்டு வயதில் நோபல் பார்க் வாசிகசாலையில் சனிக்கிழமைதோறும் அ, ஆ எழுதுகிறேன். இடையில் இருந்த காலம் முழுவதும் நீதான் எனக்குக் கண். இந்த நாட்டுக்கு வந்த பிறகு டண்டினொங்கில் கோழித் தொழிற்சாலையில் நாம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்த இருபது வருடமும், எந்தத் தாள் வந்தாலும் நீ வாசிப்பாய். உன் விரல் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே நான் என் பெயரைப் படம் வரைகிற மாதிரி வரைவேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. நீ போன பிறகு கடிதப் பெட்டி நிறைந்து வழிந்தது. அதனால்தான் படிக்கப் போனேன். வேறு பெரிய காரணம் இல்லை.

எங்கள் ரீச்சர் மதுரைக்காரி. கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. இங்கே இல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி வாருங்கள் என்று வீட்டுவேலை தந்தார். நன்றாக வந்தால் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போடுவாராம். அதனால் மற்றவர்களும் இதை வாசிப்பார்கள். அதில் உனக்கு ஒரு வருத்தம் வரலாம். ஏனென்றால் நீ என்னிடம் தந்து வைத்திருந்த ஒரு இரகசியத்தை நான் வெளியே விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முறையாகச் சொல்கிறேன், அவசரப்படாமல் கேள்.

யூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஐந்தரை மணி. நீ விட்டுப்போன பலசரக்குக் கடைக்குள் மூன்று பேர் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். ரீத்தா தனியே நின்று கறிவேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் கையில் முழங்கை நீளத்துக்குக் கத்தி. அதை அவள் கழுத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க, மற்ற இருவரும் சிகரெட்டையும் காசு லாச்சியில் இருந்ததையும் அள்ளினார்கள். குரலைக் கேட்டால் பதினாறு, பதினேழு வயது இருக்கும் என்றாள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கடைக் கதவின் மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். ஒரு நாளில் மூன்று முட்டைப் பெட்டி. நான்கு மணிக்கே கடையைப் பூட்டத் தொடங்கினாள். யாருக்கும் பயப்படாத ரீத்தா, மச்சான். உன்னையே கடைக்குள் வெற்றிலை போட விடாதவள்.

உன் மகன் யூட் அதற்குப் பிறகு ஆறு கிழமையும் ஒரே கதைதான் கதைத்தான், சுடுகிற துவக்கைப் பற்றி. "ஒரு துவக்கு இருந்திருந்தா அவங்கள் உள்ள கால் வைச்சிருப்பாங்களோ மாமா?" நாற்பது வயது ஆம்பிளை. நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

இனி என் கெட்டித்தனத்தைக் கேள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, கோயில் மண்டபக் கதவில் தமிழில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. யாரையும் கூப்பிடாமல், தனியே நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். பத்து நிமிடம் பிடித்தது. "உங்கள் பாதுகாப்பு. பொலிசாருடன் சந்திப்பு. வியாழக்கிழமை. துவக்கு: மாலை 6 மணி. தேநீர் வழங்கப்படும்."

நீயே சொல், மச்சான். பாதுகாப்பு, பொலிஸ், துவக்கு. நம்முடைய ஆட்கள் யார் இதை வேறு விதமாக வாசிப்பார்கள்?

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவருக்கும் ரெலிபோன் எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செய்தியை நான் வாசித்து, நான் சொல்கிறேன். வாய் சும்மா இருக்குமா? பொலிஸ் துவக்கு விசயமாகக் கூட்டம் வைக்கிறது, தேத்தண்ணியும் உண்டு என்றேன். திங்கட்கிழமைக்கிடையில் நோபல் பார்க்கில் அது இரண்டு கதையாகிவிட்டது. பொலிஸ் கடைக்காரருக்குத் துவக்கு கொடுக்கப்போகிறது என்று ஒரு பகுதி. வீட்டில் உள்ள ஆயுதங்களை வாங்கப்போகிறது என்று மற்றப் பகுதி. பெரிய கத்திகளைக் கொண்டுவந்து போடுங்கள் என்று பொலிஸ் நிலையங்களுக்கு முன்னால் பெட்டி வைத்த காலம்தானே, இரண்டாவது கதையும் நன்றாக ஓடியது.

யூட்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீ ஆங்கிலம் போதும் என்று விட்டுவிட்டாய். "மாமா, ஷுவர்தானோ?" என்று கேட்டான்.

"வாசிச்சனான் மருமோன். என்ர கண்ணால வாசிச்சனான்."

வியாழக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. வழக்கமாகப் பத்துப் பேர் வருகிற கூட்டமாம். ஒரு இளம் பொம்பிளைப் பொலிஸ் சார்ஜன்ட் வந்திருந்தாள். சனத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தோசம். அவள் வணக்கம் சொல்லி வாய் மூடவில்லை, நம்முடைய வின்சன்ற் எழும்பி முன்னுக்குப் போய், மேசையில் ஒரு துவாய்த் துண்டை வைத்து விரித்தான். உள்ளே அவன் தேங்காய் வெட்டுகிற பெரிய கத்தி.

"துவக்கு என்னட்ட இல்லை. இதுதான் இருக்கு. இதையும் எடுப்பியளோ?"

கூட வந்த இரண்டு பொலிஸ்காரர் கையை இடுப்புக்குக் கொண்டுபோனார்கள். சார்ஜன்ட் அசையவில்லை. கையால் அவர்களை நிறுத்திவிட்டு, மெல்ல வந்து துவாயோடு சேர்த்துக் கத்தியைச் சுற்றி எடுத்து, வின்சன்ற்றுக்கு நன்றி சொன்னாள். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்போதுதான் என் முழங்காலில் சூடாக ஏதோ பட்டது. பக்கத்தில் இருந்த ரீத்தாவின் கையில் இருந்த தேத்தண்ணி முழுவதும் அவள் மடியில் ஊற்றுண்டு என்மேல் வழிகிறது. அவளுக்கு அது தெரியவில்லை. அவள் கண் அந்தத் துவாயை விட்டு எடுபடவில்லை.

நான் வாசித்த வாசிப்பால் அந்தக் கத்தி அவள் முன்னால் வந்தது.

யூட் தாயைப் பார்த்தான். எழும்பினான். "நீங்கள் துவக்கு விசயமாக் கதைக்கத்தானே கூப்பிட்டனீங்கள்? கதையுங்கோ" என்று ஆங்கிலத்தில் கேட்டான். மொழிபெயர்க்க வந்திருந்த பிள்ளை திகைத்துப்போய் அறிவித்தலைக் கழற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயா, இது அந்தத் துவக்கு இல்லை. ஸ்டார்ட். ஆறு மணிக்குத் தொடங்கும் எண்டு எழுதியிருக்கினம்."

மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. வின்சன்ற் சொன்னான்: "அந்தோனி, நீ படிக்காமலே இருந்திருக்கலாமடா." எல்லாரும் சிரித்தார்கள், யூட் மட்டும் சிரிக்கவில்லை.

சார்ஜன்ட் அவனுக்கு நேராக மறுமொழி சொன்னாள். இந்த நாட்டில் துவக்குக்கு அனுமதி கேட்டால் ஏன் என்று காரணம் காட்டவேண்டும். பாதுகாப்பு என்பது காரணமாக எடுபடாது. கடைக்காரருக்கும் இல்லை, வீட்டுக்காரருக்கும் இல்லை. அப்படியென்றால் தெருவில் பொலிசைக் கூட்டுங்கள் என்று ஒருவர் பின்னால் இருந்து சத்தம் போட்டார். அதற்குப் பலர் கை தட்டினார்கள். அப்போது சூடானில் இருந்து வந்த ஒரு தாய் எழும்பினாள். அவளும் நம் கோயில்தான். தன் மகனை ஒரே கிழமையில் இரண்டு தரம் ரயில் ஸ்ரேசனில் பொலிஸ்காரர் மறித்துப் பையைக் கொட்டிப் பார்த்தார்களாம். உள்ளே பந்தடிக்கிற சப்பாத்து மட்டும்தானாம். "பொலிஸ் கூடினால் அவனை நாலு தரம் மறிப்பீர்களோ?" என்று கேட்டாள். அதற்கு யாரும் கை தட்டவில்லை. சார்ஜன்ட் அதை எழுதிக்கொண்டாள்.

எனக்கு இரண்டும் சரியாகப் பட்டது. பொலிஸ் வேண்டும். பிடிக்கவேண்டியவனைப் பிடிக்கிற பொலிஸ் வேண்டும். இதைத் தொலைக்காட்சியில் ஏன் இவ்வளவு சுற்றி வளைத்துக் கதைக்கிறார்கள்?

அடுத்த நாள் பின்னேரம் யூட் ஒரு தாளோடு வந்தான். குசினி மேசையில் வைத்தான். சுடுகிற கிளப் ஒன்றில் சேரப்போகிறானாம். துவக்கை வீட்டில் வைக்க இரும்புப் பெட்டி வேண்டும், அதைச் சுவரில் அடித்துப் பூட்டவேண்டும். வீடு உன் பெயரிலும் என் பெயரிலும் வாங்கியதுதானே, ஆகவே ரீத்தாவின் கையெழுத்தோடு என் சம்மதமும் வேண்டும்.

"ஒரு சைன் மட்டும் மாமா." விரலால் இடத்தைக் காட்டினான். உன் விரல் மாதிரியே விரல், மச்சான். நகம்கூட.

நான் பேனாவை எடுத்துவிட்டேன். பழக்கம். பிறகு வைத்துவிட்டேன்.

"வாசிச்சுப்போட்டு வைக்கிறன்."

"அது இங்லிஷ், மாமா."

"பெரிய எழுத்துத் தெரியும்."

ஐந்து எழுத்து ஒரு கட்டத்துக்குள் இருந்தது. டண்டினொங் பஸ் தரிப்புக்கு முன்னால் உள்ள சப்பாத்துக் கடையின் பலகையில் தினமும் பார்க்கிற எழுத்து. எஸ், பி, ஓ, ஆர், ரி.

"ஸ்போர்ட். விளையாட்டெல்லோ?"

"ஓம்."

"ஆரோட விளையாடப் போறாய்?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "அப்பிடித்தான் போடவேணும் மாமா. மற்றதைப் போட்டால் தரமாட்டினம். நான் கிளப்புக்குப் போய்ச் சுடப் பழகினால் அது பொய்யில்லைத்தானே."

"பெட்டிக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு வேற பூட்டு. நீ ரெண்டையும் திறக்கிறதுக்குள்ள கள்ளன் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவான்."

"பகிடி விடாதேங்கோ. உங்களுக்கென்ன? கத்தி வைச்சது என்ர அம்மான்ர கழுத்தில."

அது உண்மை. அதற்கு என்னிடம் பகிடி இருக்கவில்லை. வேறு ஒன்றுதான் இருந்தது. உன் இடுப்பில் இருந்தது.

மச்சான், மன்னித்துக்கொள். உன் இடுப்பில் இருந்த அந்த இரண்டு துவக்குச் சன்னத்தையும் பற்றிச் சொன்னேன். இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த டொக்டர் இது என்ன என்று கேட்டபோது, கஸ்டம்ஸில் பிடிபடாமல் கொண்டுவந்த சாமான் என்றாயே, அதை. பிள்ளைகளுக்கு எப்போதும் கடற்படை சுட்டது என்றுதான் சொன்னாய். எனக்கும் உனக்கும்தான் தெரியும் என்று நினைத்திருந்தோம். வள்ளத்து எஞ்சினைக் களவெடுக்கிறார்கள் என்று உன் அண்ணன் மரியான் ஒரு வேட்டைத் துவக்கு வாங்கி வைத்தார். ஊரில், மன்னாரில், அன்று நாம் கடலால் வந்தது விடிவதற்கு முன். படலை பூட்டியிருந்ததால் நீ பின்வேலியால் ஏறிக் குதித்தாய். அவர் கள்ளன் என்று நினைத்தார்.

உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான். "அண்ணன்ர பேர் வரக்கூடாது மச்சான்" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அங்கே ஆஸ்பத்திரி டொக்டரிடம் கடற்படை என்று முதலில் பொய் சொன்னதும் நான்தான். ஆகவே அதைத் திருத்தவேண்டியவனும் நான்தான் என்று நினைத்தேன். சரியா மச்சான்? அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், நீயும் போய்விட்டாய். உயிரோடு இருக்கிற ஒருவனுக்காக இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கை உடைக்கலாமா?

யூட் தாளில் இருந்து விரலை எடுத்தான். பிறகு சொன்னான்: "நாங்கள் மன்னாருக்குப் போன நேரம் பெரியப்பா அப்பாவோட ஒரு மேசையில இருந்து சாப்பிட்டதே இல்லை. நல்ல மீன்துண்டை அப்பான்ர கோப்பையில போட்டிட்டு வெளியில போய் இருப்பார். ஏதோ கோபமெண்டு நினைச்சன்."

"கோபமில்லை."

"ஏன் அப்பா சொல்லேல்லை?"

அப்போது அடுப்படியில் நின்ற ரீத்தா திரும்பினாள். அவள் அங்கே நின்றதையே நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நாப்பது வருசம் பக்கத்தில படுத்தனான். அவர் நித்திரையில கதைக்கிற ஆள். 'அண்ணை, நான்தான், சுடாதேங்கோ' எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன்."

பார்த்தாயா? இவ்வளவு காலமும் நானும் நீயும் எவ்வளவு கவனமாக ஒளித்தோம். நீ நித்திரையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டாய்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். "ஆறு கிழமையா நீங்கள் ரெண்டு பேரும் என்ர கழுத்தைப் பற்றிக் கதைக்கிறியள். என்னை ஆராவது ஒருத்தர் கேட்டியளோ?"

நாங்கள் கேட்கவில்லை. உண்மை.

"துவக்கு வந்தா எனக்கு ரெண்டு பயம். இப்ப ஒண்டுதான். எனக்குத் துவக்கு வேண்டாம். கடையில ஒரு ஆள் இருக்கவேணும். மணி அடிச்சா என்னோட சேர்ந்து நிமிர்ந்து பாக்க ஒரு ஆள்."

நான் தாளை என் பக்கம் இழுத்தேன். அவன் விரல் காட்டிய அதே கோட்டின் மேல், பெயரை வரையாமல், சம்மதமில்லை என்று எழுதினேன். ஏழு எழுத்து. மூச்சு வாங்கியது. எத்தனையோ தாளில் கை வைத்திருக்கிறேன், இல்லை என்று எழுதியது இதுதான் முதல் தடவை.

"என்ன மாமா எழுதினீங்கள்?" அவனுக்கு வாசிக்கத் தெரியாதே. உன் மகனுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன், மச்சான்.

பத்து நாள் அவன் எனக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பதினோராம் நாள் கடைக்கு ஏணியோடு வந்தான். வாசலுக்குப் பெரிய வெளிச்சம் போட்டான், கமரா பூட்டினான், சாமான் அடுக்குகிற தட்டுகளைத் தள்ளி வைத்து, உள்ளே நிற்பவர் தெருவுக்குத் தெரியும்படி செய்தான். தன் வேலையைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டு வியாழனும் வெள்ளியும் பின்னேரம் தானே நிற்கிறான். மற்ற நாட்களில் ஆள் நான்.

மூன்றரைக்கே கடைக்குப் போய்விடுவேன். கடை வாசலோரம் உன் கதிரையைப் போட்டிருக்கிறேன். உன் இடுப்புக்காக இடப்பக்கம் வைத்த தலையணையைக்கூட எடுக்கவில்லை. இப்போது நானும் உன்னைப் போலச் சரிந்துதான் இருக்கிறேன். தமிழ்ப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பேன். முதலில் சனம் பொறுமையில்லாமல் போனது. இப்போது இரண்டு மூன்று பேர் நின்று திருத்துகிறார்கள். வின்சன்ற் தினமும் ஐந்து மணிக்கு வந்துவிடுகிறான். நான் எங்கே தடக்குவேன் என்று பார்க்கத்தான். அந்தச் சார்ஜன்ட் சில நாட்களில் வந்து மீன் பணிஸ் வாங்குவாள். உறைப்பு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதும் கேட்பாள். போன மாதம் அந்தச் சூடான் தாயும் அவளும் நம் கடைக்குள்ளேயே நின்று அரைமணி நேரம் கதைத்தார்கள். தாய்தான் கூடக் கதைத்தாள். மற்றவள் கேட்டாள்.

கத்தியோடு மூன்று பேர் வந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்பாய். மறித்துச் சண்டை பிடிக்கமாட்டேன். இருப்பதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்பேன். ஆனால் அவர்களை மன்னித்துவிட்டேன் என்று அழகுக்காக எழுதமாட்டேன். அவர்கள் பிடிபடவேண்டும். இன்னும் பிடிபடவில்லை. துவக்குச் சட்டத்தை இறுக்கப்போகிறார்கள் என்று பத்திரிகையில் வாசித்தேன். இறுக்கட்டும். அது காணாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், கூடிப்போயிற்று என்பவர்களும் இருக்கிறார்கள். உன் எக்ஸ்ரேயைப் பார்த்தவன் நான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

ரீச்சருக்கு இந்த அறிவித்தல் கதையைச் சொன்னேன். "ஐயா, எங்க ஊர்ல அதுக்குத் துப்பாக்கின்னுதான் சொல்வோம். துவக்குன்னா ஆரம்பிக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியும்" என்றார். பிறகு கரும்பலகையைப் பார்த்துத் தானே சிரித்தார். அங்கே அவர் அன்றைய வீட்டுவேலையை எழுதியிருந்தார்: ஒரு கடிதத்தைத் துவக்கு.

இதை மலரில் போடலாமா என்று யூட்டைக் கேட்டேன். இதுவரை எழுதியதை நான் வாசிக்க வாசிக்க முழுவதும் கேட்டுவிட்டு, "போடுங்கோ மாமா. என்னை மாதிரி இன்னும் நாலு பேர் தாளை வைச்சுக்கொண்டு இருப்பினம்" என்றான்.

நேற்றுப் பின்னேரம் கடை மணி அடித்தது. ரீத்தாவின் கையில் முட்டைப் பெட்டி இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், அவளும் நிமிர்ந்து பார்த்தாள். பால் வாங்க வந்த ஒரு மனிசன். அவள் பெட்டியை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, "என்ன வேணும்?" என்று கேட்டாள்.

மச்சான், நான் இருக்கும்வரை உன் வீட்டுச் சுவரில் அந்தத் துவக்குப் பெட்டி ஏறாது. உன் கதிரையும் வெறுமையாக இருக்காது. இது நான் எழுதிக் கொடுக்கிற வாக்கு. யாரும் விரல் காட்டாத இடத்தில், என் பெயரை நானே எழுதுகிறேன்.

உன் ரீத்தாவின் அண்ணன், உன் பிள்ளையின் மாமன்,
உன் மச்சான்
அந்தோனி